அணிலுக்கு வருடல், ஓணானுக்குக் கல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், புதுப்பட்டினத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் பேசுதற்குரிய பொருள்கள் பல உள. புதுக்கவிதையின் போக்கு பற்றிப் பேசலாம். வட்டம் வளர்த்த கவிஞர்களைப் பற்றிப் பேசலாம். அவற்றை விடுத்து, குழந்தைகளுள் சிலர் விலங்குகளிடத்துக் கொடுமை காட்டுவது ஏன் என்னும் வினா இன்று இவ்வவையின் முன் வைக்கப்படுகின்றது. உளவியல் அரங்கிலோ பெற்றோர் கூட்டத்திலோ பேச வேண்டிய பொருளன்றோ இது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இவ்வினாவில் கவிஞர்க்கும் பங்குண்டு. பங்கு என்பதினும் பொறுப்பு உண்டு என்பதே பொருந்தும். அஃது எவ்வாறு என்பதை ஓர் ஓணானிலிருந்து தொடங்கிக் காணலாம்.

வேலியோரத்து வழக்கு

தமிழகச் சிற்றூர்களில் ஓணான் அடியாத சிறுவர் குறைவு. தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்கிட்டு, வேலியின்மேல் தலையசைத்துக்கொண்டிருக்கும் ஓணானின் கழுத்தில் மெல்ல மாட்டி இழுப்பர். பிடிபட்டதன் வாயில் மூக்குப்பொடியைத் திணித்து, அது தலைசுற்றித் தள்ளாடுவதை ஆட்டம் என்று கண்டு கைகொட்டுவர். ஈற்றில் கல்லால் அடித்துக் கொல்வர். அதே சிறுவர்கள், அதே வேலியில், அதே பொழுதில் ஓடும் அணிலைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. மரத்திலிருந்து விழுந்த அணிற்பிள்ளையைக் கண்டால் எடுத்துச் சென்று, பஞ்சு நனைத்துப் பால் புகட்டுவோரும் உண்டு.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஓணான் கடித்து எவரும் இறந்ததில்லை. அது பூச்சிகளைத் தின்று தோட்டத்திற்கு நன்மை செய்வது. அணிலோ காயையும் கனியையும் கொறித்து இழப்பு உண்டாக்குவது. பயன் கருதின் கல் அணிலுக்கும் பரிவு ஓணானுக்கும் சென்றிருத்தல் வேண்டும்.

விடை கதையில் இருக்கின்றது. இராமபிரான் பாலம் கட்டிய ஞான்று அணில் மணல் சுமந்தது. அவன் முதுகில் தடவிய விரல்களின் தடமே மூன்று கோடுகள் என்பது ஒரு கதை. நாவறண்ட இராமபிரான் நீர் கேட்டபொழுது அணில் இளநீர் தந்தது, ஓணான் சிறுநீர் தந்தது என்பது அதன் மறுபாதி. பாட்டிமார் சொல்லக் குழந்தைகள் கேட்ட இவ்விரு கதைகளும் வடமொழி ஆதிகாவியத்தில் இல்லை. மக்கள் நாவில் பிறந்தவை. ஒரு கதை ஓர் உயிரைக் காத்தது. அதன் மறுபாதி மற்றோர் உயிரைக் கல்லடிக்கு ஒப்புக்கொடுத்தது. கல்லெறியும் சிறுவன் தன்னைக் கொடியவனாகக் கருதுவதில்லை. நீதி வழங்குபவனாகவே கருதுகின்றான். ஆங்கிலேயரும் இவ்வுயிரை விட்டுவைக்கவில்லை. இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் ஓணானின் தொண்டை சிவப்பதைக் கண்டு, இரத்தம் உறிஞ்சி எனப் பொருள்படும் பெயரை இட்டனர். ஒரு துளி இரத்தமும் உறிஞ்சாத பிராணிக்கு இரு மொழிகளிலும் அவப்பெயர் வாய்த்தது.

ஆகவே, குழந்தையின் கையில் உள்ள கல்லை நோக்குமுன், அக்கல்லை எடுத்துக் கொடுத்த சொல்லை நோக்குதல் வேண்டும். கவிஞர் அவையில் இப்பொருள் பேசப்படுவதற்குக் காரணம் இதுவே.

கொடுமை நுழையும் வாயில்கள்

கதை ஒரு வாயில் மட்டுமே. கொடுமை குழந்தையிடம் நுழையும் வாயில்கள் வேறும் உள. எல்லாவற்றையும் ஒன்றெனக் கொண்டு, பொல்லாத பிள்ளை என ஒரே சொல்லில் முடித்துவிடுவதனால் நோயும் புலப்படுவதில்லை, மருந்தும் கிட்டுவதில்லை.

முதல் வாயில் அறியும் வேட்கை. தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் குழந்தையும், அதன் கால்களில் சிறுகல்லைப் பற்றச்செய்து தூக்குகின்றதா என்று பார்க்கும் குழந்தையும் துன்புறுத்த விழைவன அல்ல. பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் இட்டுக் கொடுக்காப்புளி இலையைத் தீனியாக வைக்கும் குழந்தை, தான் அதனை வளர்ப்பதாகவே நம்புகின்றது. கடிகாரத்தைப் பிரித்துப் பார்க்கும் அதே கை, தட்டானையும் பிரித்துப் பார்க்கின்றது. பிறிதோர் உயிருக்கும் வலி உண்டு என்னும் அறிவு பிறவியிலேயே முழுமையாக வருவதன்று, படிப்படியாக முதிர்வது. இக்குழந்தைக்கு வேண்டுவது தண்டனையன்று. உடன் அமர்ந்து, பிடிக்காமலே பார்க்கக் கற்றுத்தரும் ஒரு பெரியவர்.

சங்க இலக்கியத்தின் நெய்தல் மகளிர் இக்கடற்கரை போன்றதொரு மணற்பரப்பில் நண்டுகளை ஓடச்செய்து விரட்டி மகிழ்ந்தனர். அலவன் ஆட்டல் என்று அவ்விளையாட்டுக்குப் பெயரும் இருந்தது. புதுப்பட்டினத்துக் கரையில் இன்றும் சிறார்கள் அதனைச் செய்கின்றனர். ஆயின், அகநானூற்றில் தலைவியொருத்தி தன் துயரைத் தலைவனிடம் சென்று உரைக்கும்படி வேண்டுவதும் ஓர் அலவனையே என்பது நினைக்கத்தக்கது. விளையாட்டில் விரட்டப்பட்ட உயிர், துயரில் துணையாகக் கருதப்பட்டது. வேட்கையிலிருந்து உறவுக்குச் செல்லும் பாதை எத்துணைக் குறுகியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் வாயில் மேலே கூறிய கதை தரும் உரிமம். மூன்றாம் வாயில் அச்சம். பாம்பு என்ற சொல் காதில் விழுந்த அளவில் கழி தேடுவது கற்றுத்தரப்பட்ட பழக்கம். நஞ்சற்ற சாரையும் தண்ணீர்ப் பாம்பும் அடிபட்டுச் சாவதற்குக் காரணம் வெறுப்பினும் அறியாமையே.

நான்காம் வாயில் கூட்டம். தனியே இருக்கும்பொழுது நாயைத் தடவிக்கொடுக்கும் சிறுவன், ஐவர் கூடியவிடத்து அதன் வாலில் பட்டாசுச் சரத்தைக் கட்டுகின்றான். அங்கே நாய் ஒரு பொருட்டன்று. பார்ப்பவர் சிரிப்பே பொருட்டு. 2016 சூலை மாதத்தில் ஐதராபாத்தில் சிறுவர்கள் சிலர் நாய்க்குட்டிகளைத் தீயிலிட்டு, அதனைப் படமும் எடுத்தனர். அதே மாதத்தில் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் ஒரு நாயை மாடியிலிருந்து வீச, மற்றொருவர் அதனைப் படம் எடுத்தார். அந்நாய் காயங்களோடு உயிர் பிழைத்தது. இரு நிகழ்ச்சிகளிலும் கருவி ஒன்று பொதுவாக இருந்தது: கைப்பேசியின் கண். முற்காலத்தில் ஐவராக இருந்த பார்வையாளர் இக்காலத்தில் ஐயாயிரவராகப் பெருகிவிட்டனர். பார்ப்பவர் இல்லையெனின் இக்கொடுமைகள் நிகழ்ந்திரா என்று சொல்லிவிட முடியாது. ஆயின் பார்ப்பவரை எண்ணியே அவை அவ்வடிவம் பெற்றன என்பதில் ஐயமில்லை. சென்னை நிகழ்ச்சி மற்றொன்றையும் உணர்த்துகின்றது. மதிப்பெண்ணும் மருத்துவக் கல்வியும் அருளைத் தாமாகக் கொண்டுவருவதில்லை.

ஐந்தாம் வாயில் குழந்தையின் சொந்தக் காயம். இதுவே எல்லாவற்றினும் ஆழமானது. அதிகாரி ஊழியரை வைய, ஊழியர் வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்க, தாய் மகனை அடிக்க, மகன் நாயை உதைக்கின்றான். இப்படிக்கட்டில் நாய்க்குக் கீழே படி இல்லை. தன் உடலின்மீதே தனக்கு ஆட்சி இல்லாத குழந்தை, தான் ஆளக்கூடிய ஓர் உடலைத் தேடுகின்றது. திருப்பி அடிக்காத உயிரை அது தெரிந்தெடுப்பது தற்செயலன்று.

மேலைநாட்டு அறிஞர் சிலர் இவ்வாயிலை ஆராய்ந்தனர். 1963இல் மெக்டொனால்டு என்னும் மனநல மருத்துவர், தீ வைத்தல், வயது கடந்தும் படுக்கையை நனைத்தல், விலங்குகளைத் துன்புறுத்தல் ஆகிய மூன்றும் பிற்கால வன்முறையின் முன்னறிகுறிகள் ஆகலாம் என்று கருதினார். பின்வந்த ஆய்வுகள் அம்மூன்றன் கூட்டை உறுதி செய்யவில்லை. ஓணான் அடித்த சிறுவரெல்லாம் கொலைஞர் ஆயினர் எனின் தமிழ்நாட்டில் வீதியில் நடமாட இயலாது. ஆயினும் 1987இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோயறி கையேட்டின் திருத்தப் பதிப்பில், சிறாரின் நடத்தைக் கோளாற்று அறிகுறிகளுள் ஒன்றாக விலங்குக் கொடுமையைச் சேர்த்தது. அதன் கருத்து, திரும்பத் திரும்ப, தனிமையில், மறைவாக உயிர்களை வதைக்கும் குழந்தையை வாளா விட்டுவிடலாகாது என்பதே. அக்குழந்தையைக் கண்டவர் கேட்க வேண்டிய முதல் வினா, நீ ஏன் இதைச் செய்தாய் என்பதன்று. உன்னை யார் என்ன செய்தார் என்பதே.

கொடுமை எது, பிழைப்பு எது

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். மீனவக் குப்பத்துச் சிறுமி தாயருகில் அமர்ந்து மீனை அறுத்துச் செதில் நீக்குகின்றாள். இருளர் சிறுவன் தந்தையுடன் சென்று வளையைத் தோண்டி எலி பிடிக்கின்றான். ஆடு மேய்க்கும் சிறுவனுக்குத் தான் வளர்த்த கிடா பொங்கலிடும் நாளில் எங்குச் செல்லும் என்பது தெரியும். இவர்களைக் கொடியவர் என்று எண்ணும் நகரத்து மனப்பான்மை ஒன்று உண்டு. அது தவறானது, அநீதியுமாகும். உணவுக்காகக் கொல்வதும், துன்பத்தைக் கண்டு மகிழ்வதற்காக வதைப்பதும் ஒன்றல்ல. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவ்வறங்களைத் தம்மளவில் மேற்கொள்வோர் போற்றத்தக்கவர். ஆயின் அவற்றைக் கோலாக எடுத்து ஏழைக் குழந்தையை அளத்தல் அறமாகாது.

உண்மையில், விலங்கோடு வேலை செய்யும் குழந்தை பெரும்பாலும் விலங்கின் குணம் அறிந்த குழந்தை. கல்லெறிதல் எங்கு நிகழ்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். உயிரியல் காட்சிச் சாலைகளில், அசையாது கிடக்கும் முதலை உயிருள்ளதா என்று பார்ப்பதற்காகக் கல் வீசுவோர், விலங்கோடு எத்தொடர்பும் இன்றி வளர்ந்த பிள்ளைகளும் அவர்களைத் தடுக்காத பெற்றோருமே ஆவர்.

பெரியோர் கண்ணுக்குப் புலப்படாத கொடுமைகள் குழந்தையின் கண்ணுக்குத் தப்புவதில்லை. மிதிவண்டியில் தலைகீழாகத் தொங்கும் கோழிகள், கன்று இறந்தபின் பால் கறப்பதற்காகத் தாய்முன் நிறுத்தப்படும் வைக்கோல் கன்று, சரக்குந்தில் நிற்க இடமின்றி அடைக்கப்பட்ட மாடுகள் ஆகியவற்றைக் கண்டுதான் அது வளர்கின்றது. 2025 சனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. முட்டையிடக் கரை நாடி வந்தவை, இழுவை வலைகளில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தன என்பதே கூறப்பட்ட காரணம். ஆமையின் ஓட்டைக் குச்சியால் குத்திப் பார்க்கும் சிறுவனைக் கண்டிக்க முற்படுவோர், அதனை அங்குப் பிணமாகக் கிடத்தியது எக்கை என்பதையும் வினவுதல் நேர்மை.

மாறிய ஊர்கள்

குழந்தைகள் இயல்பாகவே கொடியர் என்பாரும், இயல்பாகவே தூயர் என்பாரும் உளர். இவ்விரு கூற்றையும் இம்மாவட்டமே மறுக்கின்றது. குழந்தை ஊரைப் போல் வளர்கின்றது.

வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். வெள்ளையர் அப்பறவைகளைச் சுட்டபொழுது ஊரார் முறையிட, 1798இல் செங்கற்பட்டு ஆட்சியர் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்க்கு எழுதிக் கொடுத்தார். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவர்கள் அறிந்திருந்தனர். பயன் கருதிய அன்பு அன்பாகுமோ என்று சிலர் வினவலாம். பயனில் தொடங்கிய அன்பும் இருநூறு ஆண்டு நிலைத்தால் பண்பாகிவிடும் என்பதே விடை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் அஞ்சும் என்பதற்காக. தீபாவளி நாளில் வெடியை விட்டுக்கொடுப்பது பெரியவர்க்கு எளிது. குழந்தைக்கு எத்துணை அரிது என்பதை எண்ணுதல் வேண்டும். அவ்வூர்க் குழந்தைகள் அதனை விட்டுக்கொடுக்கின்றனர். வனத்துறையினர் ஆண்டுதோறும் அவர்கட்கு இனிப்பு வழங்குகின்றனர். அவர்கள் வேறு மண்ணில் பிறந்த குழந்தைகள் அல்லர்.

மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் மற்றொரு சான்று உண்டு. தோலுக்காகப் பாம்பு பிடித்துக் கொன்று வாழ்ந்த இருளர், 1970களில் பாம்புத்தோல் வாணிகம் சட்டத்தால் தடைப்பட்டபின் வாழ்விழந்தனர். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோரால் முதலைப் பண்ணை அவ்வூரில் நிறுவப்பட்டது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அவர்தம் தொழிலாயிற்று. அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு முறிமருந்து செய்யப்படுகின்றது. செங்கற்பட்டு மாவட்டத்துச் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர்க்கு 2023இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. பாம்பு மாறவில்லை, கையின் திறனும் மாறவில்லை, கைக்குக் கொடுக்கப்பட்ட பணி மாறியது. ஒரு தலைமுறைக்குள் கொல்லும் அறிவு காக்கும் அறிவாயிற்று. குழந்தையின் கவணும் அவ்வாறு மாறத்தக்கதே.

சட்டமும் இக்கடற்கரையோடு தொடர்புடையது. திருவான்மியூரில் கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபொழுது விலங்குக் கொடுமைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொணர்ந்தார். அரசே ஒரு சட்டம் கொணரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்தார். 1960இல் சட்டம் நிறைவேறியது. 1962இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவராக ருக்மிணி தேவி விளங்கினார். ஆடற்கலையில் உடலின் ஒவ்வோர் அசைவையும் நுணுகி நோக்கிய ஒருவர்க்கு, வாய்பேசாத உடலின் வலி விளங்கியது வியப்பன்று. ஆயின் அச்சட்டம் முதன்முறைக் குற்றத்திற்கு விதித்த தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. சட்டத்தின் ஆற்றல் அவ்வளவே. உயிர்களிடத்துப் பரிவு கொள்ளுதலை 1976இல் அரசியலமைப்பு குடிமகனின் கடமையாக அறிவித்தது. கடமையை எழுதலாம், பரிவை எழுதிப் புகட்ட இயலாது. அதற்கு வேறு கருவி வேண்டும்.

இலக்கியத்தில் மூன்று சிறுவர்

அக்கருவி தமிழில் உண்டு. விலங்கோடு தொடர்புடைய மூன்று இளையோரைத் தமிழ் இலக்கியம் காட்டுகின்றது.

முதலாமவன் மணிமேகலையின் ஆபுத்திரன். தாயால் கைவிடப்பட்டுப் பசுவின் பாலால் பிழைத்தவன். வேள்விக்காகக் கட்டப்பட்ட பசுவின் அச்சத்தைக் கண்டு, இரவில் அதனை அவிழ்த்துச் சென்றான். ஊரார் அவனைப் பிடித்து அடித்தனர்; பிறப்பைச் சொல்லி இழித்தனர்; ஊரைவிட்டு விரட்டினர்; அவனது பிச்சைக் கலத்தில் கல்லை இட்டனர். இரக்கம் காட்டிய சிறுவனுக்குப் பெரியோர் தந்த பரிசு அது. இன்றும் தெருநாய்க்குச் சோறு வைக்கும் சிறுமிக்குத் தெருவார் தரும் பரிசு பெரிதும் வேறுபட்டதன்று. குழந்தைகள் கொடுமையைக் கற்பது மட்டுமன்று; இரக்கத்தை மறக்கவும் கற்பிக்கப்படுகின்றனர்.

இரண்டாமவன் பெரியபுராணத்து விசாரசருமன், பின்னாளில் சண்டேசுரர். ஆயன் ஒருவன் பசுவைக் கோலால் அடித்தது கண்டு பொறாமல், மேய்க்கும் பணியைத் தானே ஏற்றான். அவன் அன்பில் பசுக்கள் தாமே பால் சொரிந்தன. ஆயின் கதை அங்கு முடியவில்லை. மணலால் அமைத்த சிவலிங்கத்திற்கு அவன் பால் ஆட்டியபொழுது, தந்தை அவனை அடித்துப் பாற்குடத்தைக் காலால் இடறினார். மகன் தந்தையின் கால்களை வெட்டினான். பக்தியின் நோக்கில் இதற்குப் பொருள் வேறு. வீட்டின் நோக்கில் எண்ணினால், கோலால் அடிபட்ட பசுவைக் காத்த சிறுவன் தானும் கோலால் அடிபட்டான் என்பது தெரிகின்றது. சேக்கிழார் எதனையும் மறைக்கவில்லை. மெல்லிய உள்ளமும் அடியால் வன்மை கொள்ளும் என்பதை அக்கதை காட்டாமல் காட்டுகின்றது.

மூன்றாமவன் மனுநீதிச் சோழனின் மகன். அவன் கொடியவன் அல்லன். தேர் விரைந்து செல்லக் கன்று இடையே புகுந்தது, அவன் பார்க்கவில்லை. கொடுமைக்கும் கவனமின்மைக்கும் இடையே உள்ள தொலைவு அவனுக்குத் தெரியும், தாய்ப்பசுவுக்குத் தெரியாது. அது மணியை அசைத்தது. இதற்கு எதிராக மற்றொரு தேர் அகநானூற்றில் வருகின்றது. பூவில் தேன் உண்ணும் வண்டினம் கலங்கிவிடும் என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வரும் தலைவனின் தேர் அது. ஒரு தேர் கன்றைக் காணவில்லை. ஒரு தேர் வண்டையும் கண்டது. குழந்தையை இரண்டாம் தேரின் பாகனாக ஆக்குவதே கல்வி. அது பார்க்கக் கற்பித்தலேயன்றி வேறன்று.

அத்தகைய பார்வைக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் பின்காலால் மூக்கைச் சொறியும் மானும், எலிகள் சூழத் தவம் செய்யும் பூனையும், கிருட்டிண மண்டபத்தில் பால் கறக்கப்படுகையில் கன்றை நக்கும் பசுவும், ஒன்றற்கொன்று பேன் பார்க்கும் குரங்குக் குடும்பமும் உளிக்கு முன் கண்ணால் செதுக்கப்பட்டவை. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி, மானைப் பிடிக்காமலே நெடுநேரம் பார்த்திருந்தான். பள்ளிச் சுற்றுலாவில் அங்குச் செல்லும் குழந்தைகட்கு மன்னர் பெயரும் ஆண்டும் சொல்லப்படுகின்றன. அம்மானின் முன் ஐந்து நிமிடம் நிற்கும்படி சொல்லப்படுவதில்லை.

புலவன் காத்த குழந்தைகள்

1874இல் நியூயார்க்கு நகரில் மேரி எல்லன் என்னும் சிறுமி வளர்ப்புத் தாயால் அடித்துத் துன்புறுத்தப்பட்டாள். அவளை மீட்க முயன்ற சமூகத் தொண்டர் எங்கும் உதவி கிட்டாது, விலங்குக் கொடுமைத் தடுப்புச் சங்கத்தின் நிறுவனர் என்றி பெர்க்கை நாடினார். வழக்கு மன்றம் சென்றது; சிறுமி மீட்கப்பட்டாள். அதன் விளைவாகவே குழந்தைகளைக் காப்பதற்கான முதற் சங்கம் அந்நகரில் தோன்றியது. விலங்கைக் காக்க எழுந்த கை குழந்தையைக் காத்தது.

இவ்வுறவைத் தமிழ்ப் புலவர் ஒருவர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கண்டார். கிள்ளிவளவன், பகைவனான மலையமானின் சிறு மக்களை யானைக் காலில் இடுவிக்க முனைந்தான். கோவூர் கிழார் அவன்முன் நின்றார். புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் நீ வந்தாய் என்று நினைவூட்டினார். அக்குழந்தைகளோ யானையைக் கண்ட வியப்பில் தம் அழுகையையும் மறந்து நிற்கின்றனர் என்று காட்டினார். தம்மைக் கொல்ல வந்த விலங்கையும் வியந்து நோக்கிய கண்கள் அவை. குழந்தையின் முதற் பார்வை அதுவே. கல்லும் சுருக்கும் பின்னர்க் கொடுக்கப்பட்டவை. பறவைக்கு இரங்கிய குடி குழந்தைக்கு இரங்காதோ என்பதே புலவரின் வாதம். இன்றைய உளவியல் அதனைத் திருப்பி உரைக்கின்றது: இரக்கம் பெற்ற குழந்தையே பறவைக்கு இரங்கும்.

கவிதை ஒன்று உயிர் காத்த செய்தி இது. கதை ஒன்று உயிர் போக்கிய செய்தி முதலில் கூறிய ஓணானுடையது. சொல்லின் ஆற்றலைப் பற்றிக் கவிஞர்கட்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வட்டத்தின் பணி

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டம் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பாரதியின் பாப்பா பாட்டு கோழியையும் காக்கையையும் பசுவையும் நாயையும் குழந்தைக்கு உறவாக்கியது. அப்பாட்டில் இடம்பெறாத உயிர்கள் பல காத்திருக்கின்றன. அழகற்றவை என்றும் அருவருக்கத்தக்கவை என்றும் ஒதுக்கப்பட்ட ஓணான், பல்லி, தவளை, சாரைப்பாம்பு, வௌவால், கழுதை ஆகியவற்றிற்குப் பாட்டும் இல்லை. நல்ல கதையும் இல்லை. அவற்றைப் பாடும் சிறுவர் பாடல் தொகுப்பு ஒன்றை வட்டத்தின் கவிஞர்கள் படைத்தல் வேண்டும். அறிவுரை வேண்டா. அடிக்காதே, கொல்லாதே என்னும் சொற்களைக் குழந்தை நாள்தோறும் கேட்கின்றது. பெரும்பாலும் அடிபட்டுக்கொண்டே கேட்கின்றது. ஓணான் ஏன் தலையசைக்கின்றது, அதன் தொண்டை எப்பொழுது சிவக்கின்றது, ஆமைக்குஞ்சு இருளில் கடலை எவ்வாறு அறிகின்றது என்பவற்றைப் பாடினால் போதும். பெயரும் செயலும் அறிந்த உயிரின்மேல் கல் எறிவது எளிதன்று.

1693இல் கல்வி பற்றிய தம் நூலில் ஜான் லாக் ஒரு தாயைப் பற்றிக் கூறுகின்றார். தம் பெண்மக்கள் நாயோ அணிலோ பறவையோ விரும்பிக் கேட்டால் அவர் வாங்கிக் கொடுப்பார். ஆயின் அதனை நன்கு பேணுதல் அவர்தம் பொறுப்பு என்பார். பேணும் பொறுப்பே அருளின் பள்ளி என்பது அவர் கண்ட உண்மை. வட்டத்தின் உறுப்பினருள் ஆசிரியர் பலர், பெற்றோர் பலர். முற்றத்தில் ஒரு தட்டுத் தண்ணீர் வைத்து, அதனை நாள்தோறும் நிரப்பும் பொறுப்பைக் குழந்தையிடம் ஒப்படைப்பதற்குச் செலவில்லை.

இறுதியாக ஒன்று. ஓணானைத் துன்புறுத்தும் சிறுவனைக் காணும்பொழுது பெரியவர் கை முதலில் ஓங்குவது இயல்பு. ஓங்கிய கை அச்சிறுவனுக்கு ஒன்றையே கற்பிக்கும்: வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதை. அதனை அவன் ஏற்கெனவே கற்றிருக்கின்றான். ஓணானிடம் அதனைத்தான் ஒப்பித்துக்கொண்டிருக்கின்றான். கையைத் தாழ்த்தி, அவனருகில் அமர்ந்து, சுருக்கைத் தளர்த்தி, அவ்வுயிர் வேலியேறி மீண்டும் தலையசைக்கும் வரை அவனோடு இருந்து பார்த்தல் வேண்டும். அப்பொழுது சொல்வதற்கு ஒரு நல்ல கதை வேண்டும். அதனை எழுதித் தருவது கவிஞர் கடன்.